பேக்கரியில் உட்கார்ந்து தேடினால் கிடைக்காத வேலை

கேள்வி: எனக்கு வயது 51. திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் 14 ஆண்டுகள், அதற்கு முன் வேறு இரண்டு நிறுவனங்களில் 12 ஆண்டுகள் வேலை பார்த்தேன். கடைசியாக மெர்ச்சண்டைசிங் (ஆர்டர் எடுத்ததிலிருந்து சரக்கு அனுப்பும் வரை கவனிக்கும் பிரிவு) பொது மேலாளர். மாதம் 1,60,000 ரூபாய் சம்பளம், அதில் அடிப்படைச் சம்பளம் 64,000. எங்கள் ஆர்டர்களில் பெரும்பகுதி அமெரிக்காவுக்குப் போனவை. வரி ஏறியதும் பையர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். தீபாவளி முடிந்த மறுவாரம் முதலாளி கூப்பிட்டு, மரியாதையாகவே பேசி, அனுப்பிவிட்டார். நாலு மாதம் ஆகிறது. இணையத்தில் 210 இடங்களுக்கு விண்ணப்பித்தேன். ஏழு பேர் கூப்பிட்டார்கள், எல்லோரும் சொல்வது ஒன்றுதான், “உங்கள் அனுபவத்துக்கு எங்களிடம் இடமில்லை.” மனைவிக்கு மட்டும் விஷயம் தெரியும். மகள் பொறியியல் மூன்றாம் ஆண்டு, மகன் பிளஸ் ஒன்; அவர்களிடம் சொல்லவில்லை. தினமும் காலை ஒன்பது மணிக்கு டிபன் கேரியருடன் காரில் கிளம்பி, அவினாசி சாலையில் ஒரு பேக்கரியில் உட்கார்ந்து மடிக்கணினியில் வேலை தேடுகிறேன். வயதை மறைத்து பயோடேட்டா அனுப்பலாமா? பாதிச் சம்பளத்துக்கும் வரத் தயார் என்று சொல்லலாமா? “பி.எஃப். பணம் சும்மாதானே கிடக்கிறது, கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் ஜாப் ஒர்க் யூனிட் போடலாம்” என்கிறார் மைத்துனர். கிழக்கு ஆப்பிரிக்காவில் ஒரு தொழிற்சாலைக்குப் பொது மேலாளராக அனுப்புவதாகச் சொல்லி ஒரு ஏஜென்ட் ஒன்றரை லட்சம் கேட்கிறார். கிராஜுவிட்டி பற்றி நிறுவனம் வாயே திறக்கவில்லை. கம்பெனி சிம் கார்டை மட்டும் திருப்பிக் கேட்கிறார்கள்.
— பெயர் வேண்டாம், திருப்பூர்

பதில்: வணக்கம். உங்கள் கேள்விகளுக்கு வருகிறேன். அதற்கு முன் அந்த பேக்கரியைப் பற்றிப் பேசிவிடுவோம்.

கொங்கு நாட்டில் பேக்கரி என்பது டீயும் பன்னும் விற்கிற இடம் மட்டுமல்ல. நூல் விலை முதல் யார் வீட்டுக் கல்யாணம் நின்றுபோனது என்பது வரை அங்கேதான் அலசப்படும். நாலு மாதமாக ஒரே மேசையில் மடிக்கணினியைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவருக்கு வேலை இல்லை என்பது அந்தக் கடைக்காரருக்கு முதல் வாரமே தெரிந்திருக்கும். பண்புள்ள மனிதர், கேட்கவில்லை. மனைவிக்கு மட்டும்தான் தெரியும் என்று எழுதிய நீங்களே நாலு வரி தள்ளி, பி.எஃப். பணத்தில் யூனிட் போடலாம் என்று மைத்துனர் சொல்வதாகவும் எழுதியிருக்கிறீர்கள். வேலை போனது தெரியாமலா அவருக்கு உங்கள் பி.எஃப். மேல் கண் போனது?

ஆக, தெரிய வேண்டாதவர்களுக்கெல்லாம் தெரிந்துவிட்டது. தெரிய வேண்டியவர்களுக்குத்தான் இன்னும் தெரியவில்லை. உங்கள் 210 விண்ணப்பங்களும் பலிக்காததற்கு வயதைவிட, சம்பளத்தைவிட, இதுவே பெரிய காரணம் என்று நினைக்கிறேன்.

ஆள் எடுக்கும் மேசையின் அந்தப் பக்கத்தில் மில்களிலும் ஏற்றுமதி நிறுவனங்களிலுமாக முப்பது வருடம் உட்கார்ந்தவள் நான். உங்கள் நிலையில் இருக்கும் வேலைகள் எப்படி நிரம்புகின்றன என்று சொல்கிறேன். ஜூனியர் மெர்ச்சண்டைசர் வேண்டுமென்றால் விளம்பரம் போடுவோம். எண்பது பயோடேட்டா வரும், பத்துப் பேரைக் கூப்பிடுவோம். ஒரு பொது மேலாளர் வேண்டுமென்றால் எந்த முதலாளியும் ஊரறிய விளம்பரம் போடமாட்டார். போட்டால் மறுநாளே, “அங்கே ஜி.எம். போய்விட்டாராமே, என்ன பிரச்சினை?” என்று பையிங் ஆபீஸ் (வெளிநாட்டு பையர்களுக்காக இங்கே கொள்முதல் பார்க்கும் அலுவலகம்) வரை பேச்சு போகும். அதனால் அவர் ஆடிட்டரிடம் கேட்பார். நூல் ஏஜென்ட் வந்து உட்காரும்போது பேச்சோடு பேச்சாக விசாரிப்பார். நீங்கள் இணையத்தில் பார்க்கும் மேல்நிலைப் பதவி விளம்பரங்களில் பலவற்றுக்கு ஆள் ஏற்கெனவே முடிவாகியிருக்கும், அல்லது சந்தையில் சம்பளம் என்ன போகிறது என்று நாடி பிடித்துப் பார்ப்பதற்காகப் போட்டிருப்பார்கள். நானே போட்டிருக்கிறேன், ஒப்புக்கொள்கிறேன்.

இது நல்ல காலத்து நடைமுறை. மந்த காலத்தில் இன்னொன்றும் சேர்ந்துகொள்ளும். 2025 ஆகஸ்ட் 27 அன்று இந்தியச் சரக்குகள் மீதான அமெரிக்க வரி 50 சதவீதமானபோது, தன் ஏற்றுமதியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை அந்த நாட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்த ஊர் உங்களுடையது. அந்த அடியை வாங்கிய முதலாளி யாரும் மாதம் ஒன்றரை லட்சம் சம்பளத்தில் புதிதாக ஒரு நாற்காலி போடமாட்டார். (உங்கள் தொழிலில் மட்டும் இப்படி என்று எண்ண வேண்டாம். அதே ஆண்டு ஜூலையில் டி.சி.எஸ். சுமார் 12,000 பேரைக் குறைக்கப்போவதாக அறிவித்தபோது, அதில் பெரும்பாலோர் நடுத்தர, மேல்நிலைப் பொறுப்புகளில் இருப்பவர்கள் என்றுதான் சொன்னது. செலவைக் குறைக்க உட்காரும்போது கண் முதலில் போவது பெரிய சம்பளங்களின் மேல்.) நாற்காலி இல்லையே தவிர, அந்த முதலாளிக்குத் தலைவலி முன்பைவிட இரண்டு மடங்கு இருக்கிறது. வாடிக்கையாளர் விலையில் கழிவு கேட்கிறார். ரத்தான ஆர்டரின் துணி கிடங்கில் மக்குகிறது. ஒரே நாட்டை நம்பியது போதும், பிரிட்டனுக்கோ ஐரோப்பாவுக்கோ திரும்பலாம் என்றால், அங்கே எந்தச் சான்றிதழ் கேட்பார்கள், எந்தத் தணிக்கைக்குத் தயாராக வேண்டும் என்று சொல்ல அவரிடம் ஆள் இல்லை.

நீங்கள் நாலு மாதமாக நாற்காலியைத் தேடிக்கொண்டிருக்கிறீர்கள். தலைவலியைத் தேடியிருக்க வேண்டும்.

அது எங்கே இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? 1973-இல் மார்க் கிரனோவெட்டர் என்ற அமெரிக்க சமூகவியலாளர் ஓர் ஆய்வை வெளியிட்டார். பாஸ்டனுக்குப் பக்கத்தில் நியூட்டன் என்ற ஊரில், தெரிந்தவர் மூலமாக வேலை மாறிய படித்த வர்க்கத்தினரிடம், “அந்தத் தெரிந்தவரை எத்தனை முறை சந்திப்பீர்கள்?” என்று கேட்டார். அடிக்கடி சந்திப்பேன் என்றவர்கள் 16.7 சதவீதம்தான். எப்போதாவது என்றவர்கள் 55.6 சதவீதம். அபூர்வமாக என்றவர்கள் 27.8 சதவீதம். நெருங்கிய நண்பனுக்கு நமக்குத் தெரிந்த அதே பத்து இடம்தான் தெரியும். தூரத்துப் பழக்கக்காரருக்கு வேறு பத்து இடம் தெரியும் என்பதே அவர் கண்ட சூட்சுமம். லிங்க்ட்இன் தளத்தில் சுமார் இரண்டு கோடிப் பேரை வைத்து நடத்தி 2022-இல் வெளியான ஆய்வும் ஏறக்குறைய இதையே சொன்னது. மிக நெருக்கமும் இல்லாமல் அறவே அந்நியமும் இல்லாமல், நடுவாந்தரப் பழக்கத்தில் இருப்பவர்களால்தான் அதிகப் பயன்.

இதைத் திருப்பூருக்குக் கொண்டுவந்து பாருங்கள். உங்கள் நடுவாந்தரப் பழக்கக்காரர்கள் யார் தெரியுமா? நூல் ஏஜென்ட். லேபிளும் பட்டனும் ஜிப்பும் சப்ளை செய்கிறவர். டையிங் ஆலையின் மேலாளர். துணியைச் சோதித்துச் சான்று தரும் ஆய்வகத்தின் மார்க்கெட்டிங் ஆள். தூத்துக்குடி வழியாகக் கன்டெய்னர் அனுப்பித் தரும் ஃபார்வர்டிங் ஏஜென்ட். வங்கியில் ஏற்றுமதிக் கடன் பார்க்கும் அதிகாரி. தொழிலாளர் நலத் தணிக்கைக்கு வருகிற ஆடிட்டர். இவர்களில் ஒவ்வொருவரும் வாரத்துக்குப் பதினைந்து இருபது கம்பெனிகளின் படியேறி இறங்குகிறார்கள். எந்த முதலாளி ஷிப்மென்ட் தேதியைத் தவறவிட்டுச் சரக்கைத் தன் செலவில் விமானத்தில் அனுப்பினார், எந்த கம்பெனியில் அப்பாவும் மகனும் பேசிக்கொள்வதில்லை, யாருக்குப் புதிதாக லண்டன் பையர் கிடைத்துக் கையைப் பிசைந்துகொண்டிருக்கிறார் என்பதெல்லாம் இவர்களுக்கு அத்துப்படி. 26 வருடம் இவர்களைப் பார்த்து, பில் பாஸ் செய்து, சில சமயம் திட்டியும் இருப்பீர்கள். நாலு மாதத்தில் இவர்களில் ஒருவரிடமாவது பேசினீர்களா? கடிதத்தில் ஒரு வரி இல்லை.

சில வருடங்களுக்கு முன் நூற்பாலை ஒன்றில் பராமரிப்புத் தலைவராக இருந்த ஒருவர், ஆலை மூடியபின் என்னிடம் வந்தார். 53 வயது. நான் அவரை அனுப்பிய நாலு இடமும் கைகூடவில்லை. கடைசியில் அவருக்கு வேலை வாங்கிக் கொடுத்தது யார் என்றால், ஆலைக்கு பேரிங் விற்றுக்கொண்டிருந்த பையன். ராஜபாளையம் பக்கம் ஒரு மில்லில் மெஷின் அடிக்கடி நிற்கிறது என்று தெரிந்து, “எனக்கு ஒருத்தரைத் தெரியும்” என்று சொல்லியிருக்கிறான். அந்த வேலைக்கு என் கமிஷன் போயிற்று.

ஆகவே இந்த ஞாயிற்றுக்கிழமை மகளிடமும் மகனிடமும் சொல்லுங்கள். பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கும் பெண் அடுத்த வருடம் அவளே வேலை தேடப்போகிறவள், இதைத் தாங்குவாள். திங்கட்கிழமை ஒரு நோட்டில் நாற்பது பெயர் எழுதுங்கள். நண்பர்களும் சொந்தக்காரர்களும் அதில் பத்துக்கு மேல் வேண்டாம். மீதி முப்பதும் நான் சொன்ன ரகம். வாரத்துக்கு எட்டுப் பேரையாவது நேரில் பாருங்கள். “எனக்கு ஒரு வேலை பாருங்கள்” என்று மட்டும் கேட்காதீர்கள். கேட்ட நொடியில் அவர் சங்கடப்பட்டு, “சொல்கிறேன் சார்” என்று எழுந்துவிடுவார். இப்படிச் சொல்லிப் பாருங்கள்:

“கம்பெனியில் அமெரிக்க ஆர்டர் குறைந்துவிட்டதால் தீபாவளியோடு வெளியே வந்துவிட்டேன். சாம்பிள் முதல் ஷிப்மென்ட் வரை தேதி தவறாமல் கொண்டுபோவதும், ஐரோப்பிய பையர்களின் தணிக்கைக்கு கம்பெனியைத் தயார் செய்வதும்தான் என் வேலை. அந்த இரண்டில் யாராவது சிரமப்படுகிறார்களா? அவர்களிடம் என் பெயரைச் சொல்லுங்கள், மீதியை நான் பேசிக்கொள்கிறேன்.”

இதில் அழுகை இல்லை, பழைய முதலாளி மேல் குறை இல்லை, கேட்டவர் செய்ய வேண்டியது இன்னது என்பது தெளிவாக இருக்கிறது. இந்த மூன்றும் இருந்தால் வார்த்தைகளை உங்கள் இஷ்டத்துக்கு மாற்றிக்கொள்ளலாம்.

ஒரு முதலாளியின் முன்னால் போய் உட்கார்ந்த பிறகும் பதவி கேட்காதீர்கள். மூன்று மாதத்துக்கு ஒரு வேலையைக் கேளுங்கள். “பிரிட்டனுடன் 2025 ஜூலை 24-இல் வர்த்தக ஒப்பந்தம் கையெழுத்தாகியிருக்கிறது. அந்த ஒப்பந்தப்படி நம் ஆடைகளுக்கு அங்கே சுங்கவரி இல்லை. அந்த பையர்களிடம் போவதற்கு உங்கள் தொழிற்சாலையில் என்னென்ன குறைகிறது என்று மூன்று மாதத்தில் பார்த்து, சரிசெய்து, முதல் சாம்பிளை அனுப்பித் தருகிறேன். மாதம் இவ்வளவு. பிடிக்காவிட்டால் அத்தோடு முடித்துக்கொள்ளலாம்.” மந்த காலத்து முதலாளி நிரந்தரச் செலவைக் கண்டால் பயப்படுவார்; முடியும் தேதி தெரிந்த செலவுக்கு அவ்வளவு பயப்படமாட்டார். ஒரு பக்கத்தில் ஒப்பந்தக் கடிதம், தொகை, கொடுக்கும் தேதி, எல்லாம் எழுத்தில் இருக்கட்டும். அந்தத் தொகையில் 10 சதவீதம் வரி பிடித்துக் கொடுப்பார்கள், கணக்குத் தாக்கல் செய்யும்போது சரிக்கட்டலாம். ஆண்டு வருமானம் 20 லட்சத்தைத் தாண்டாதவரை ஜி.எஸ்.டி. பதிவு தேவையில்லை. இரண்டு நடுத்தர கம்பெனிகளுக்கு வாரம் மூன்று மூன்று நாள் என்று பிரித்துக்கொள்ளவும் முடியும். நான் பார்த்தவரை, இப்படி மூன்று மாதத்துக்கு உள்ளே போனவர்களில் பலரை முதலாளிகள் பிறகு வெளியே விடுவதில்லை.

அந்த முதலாளி 32 வயதுக்காரராக இருக்கலாம். வெளிநாட்டில் எம்.பி.ஏ. படித்துவிட்டு வந்து அப்பாவின் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். “உங்கள் அப்பாவை எனக்கு இருபது வருடமாகத் தெரியும்” என்று பேச்சைத் தொடங்காதீர்கள். “தம்பி” வேண்டவே வேண்டாம். கம்பெனியின் ஆர்டர், கணக்கு விவரங்கள் இருக்கும் இ.ஆர்.பி. மென்பொருளைத் திறந்து ஓர் ஆர்டரின் நிலையை நீங்களே காட்டத் தெரிய வேண்டும். “அதை எங்கள் பெண்கள் பார்த்துக்கொள்வார்கள்” என்று ஒரு ஜி.எம். சொன்ன நேர்காணலில் நான் இருந்திருக்கிறேன், அது பதினோரு நிமிடத்தில் முடிந்தது. கணினியிலேயே முப்பரிமாணத்தில் சாம்பிள் காட்டும் மென்பொருள்கள் வந்துவிட்டன. கற்றுத் தேற வேண்டியதில்லை, ஒருமுறை உட்கார்ந்து பாருங்கள். பழைய நிறுவனத்தின் காஸ்டிங் ஷீட், பையர் மெயில்கள் எதையும் எடுத்துப் போகாதீர்கள், “எங்களிடம் இருந்தன” என்று குறிப்புக்கூடக் காட்டாதீர்கள். அங்கிருந்து அள்ளி வந்தவர் நாளை இங்கிருந்தும் அள்ளுவார் என்றே எதிரில் இருப்பவர் கணக்குப் போடுவார்.

இப்போது வயது. தனியார் நிறுவனம் வயதைக் காரணம் காட்டி மறுப்பதைத் தடுக்கும் பொதுச் சட்டம் நம் நாட்டில் இல்லை. அதனால் கோபப்பட்டுப் பயனில்லை. ஆனால் மறைப்பதிலும் பயனில்லை. திருப்பூரில் உங்கள் வயதை விசாரிக்க ஒரு போன் போதும். பயோடேட்டாவில் பிறந்த தேதி, தகப்பனார் பெயர், திருமண நிலை, “சவாலான பணியை எதிர்நோக்குகிறேன்” என்ற முதல் வரி, இவை எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். மறைப்பதற்காக அல்ல, அவை எதற்கும் உதவாதவை என்பதால். முதல் 12 ஆண்டுகளை இரண்டு வரியில் முடியுங்கள். மீதி 14 ஆண்டுகளுக்கு எண்கள் வேண்டும்: ஆண்டுக்கு எத்தனை லட்சம் பீஸ் உங்கள் கையால் போயிற்று, விமானத்தில் அனுப்பும் செலவை எவ்வளவிலிருந்து எவ்வளவுக்குக் குறைத்தீர்கள், பையர் கிளெய்ம் (குறைக்காக பையர் கேட்ட இழப்பீடு) எத்தனை சதவீதம், இயற்கை நூலிழைக்கான கோட்ஸ், தொழிலாளர் நலனுக்கான எஸ்.ஏ. 8000 போன்ற எந்தெந்தச் சான்றுகளை நீங்கள் இருந்தபோது வாங்கினீர்கள். கடிதத்தோடு நீங்கள் அனுப்பிய நாலு பக்க பயோடேட்டாவில் “பொறுப்பு” என்ற சொல் பதினேழு இடத்தில் இருக்கிறது. எண் ஓர் இடத்தில்கூட இல்லை. இரண்டு பக்கத்துக்குள் திரும்ப எழுதுங்கள். லிங்க்ட்இன் பக்கத்தையும் அப்படியே. பெங்களூரு, குருகிராம் பையிங் ஆபீஸ்காரர்கள் அங்கேதான் தேடுவார்கள். வேலைத் தளங்களுக்கு நாளுக்கு ஒரு மணி நேரம் போதும், அதையும் மாலையில் வைத்துக்கொள்ளுங்கள்.

பாதிச் சம்பளத்துக்கும் வரத் தயார் என்று நீங்களாகச் சொல்லாதீர்கள். கேட்பவருக்கு அது தாராளமாகப் படாது. என்ன கோளாறு என்றுதான் யோசிப்பார். நல்ல காலம் திரும்பியதும் ஓடிவிடுவார் என்ற பயமும் வரும். “உங்கள் அனுபவத்துக்கு இடமில்லை” என்று ஏழு பேர் சொன்னதன் உள்ளர்த்தம் பெரும்பாலும் இதுதான். வீட்டுக் கடன், கல்லூரிக் கட்டணம், மளிகை எல்லாம் கூட்டி, இதற்குக் கீழே முடியாது என்ற ஒரு தொகையை மனைவியோடு உட்கார்ந்து முடிவுசெய்து, அதை வெளியே சொல்லாமல் வைத்துக்கொள்ளுங்கள். பேச்சு வரும்போது நிலையான சம்பளத்தை இறக்கிக்கொண்டு, தேதி தவறாத ஷிப்மென்டுக்கு இவ்வளவு, புதிய பையர் வந்தால் இவ்வளவு என்று மீதியைக் கேட்கலாம். சம்பளம் இறங்கலாம், கையெழுத்து போடும் அதிகாரம் இறங்கக் கூடாது என்பது என் கருத்து. நீங்கள் வளர்த்துவிட்ட ஒருவருக்குக் கீழே மெர்ச்சண்டைசராக உட்கார்ந்தால் இருவருக்குமே ஆறு மாதத்தில் கசந்துவிடும். பழைய சம்பளத்தைக் கூட்டிச் சொல்லும் ஆசை வேண்டாம். படிவம் 16 கேட்பார்கள், பி.எஃப். பாஸ்புக்கில் எங்கே எத்தனை மாதம் இருந்தீர்கள் என்பது வரை தெரியும்.

மைத்துனரின் யோசனைக்கு என் பதில் கூடாது என்பதுதான். மந்த காலத்தில் முதலில் வெட்டப்படுவது ஜாப் ஒர்க் ரேட். கடைசியில் பட்டுவாடா ஆவது ஜாப் ஒர்க் பில். அதை 14 வருடம் வெட்டியவரும் தள்ளிப்போட்டவரும் நீங்களேதான், நான் சொல்ல வேண்டியதில்லை. 2011 ஜனவரியில் உயர்நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டபோது, ஒன்றோடு ஒன்றாக எத்தனை சின்ன யூனிட்டுகள் சாய்ந்தன என்பதையும் பார்த்தவர். பி.எஃப். பணம் சும்மா கிடக்கவில்லை. வேலை விட்ட பிறகும் அதற்கு வட்டி சேர்கிறது; அந்த வட்டிக்கு வரி உண்டு என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். 50 வயது கடந்துவிட்டதால் பி.எஃப். பென்ஷனை இப்போதே வாங்கலாம் என்று யாராவது சொல்வார்கள். 58-க்கு முன் எடுத்தால் ஒவ்வோர் ஆண்டுக்கும் 4 சதவீதம் வெட்டு, அதுவும் ஆயுள் முழுவதும். தொடாதீர்கள்.

கிராஜுவிட்டி வேறு விஷயம். அது நிறுவனம் மனம் வைத்துக் கொடுக்கும் அன்பளிப்பு அல்ல, உங்கள் பணம். மேலாளர்களுக்கும் உண்டு. நீங்கள் வேலை விட்டபோது (2025 நவம்பர் 21-க்கு முன்) இருந்த சட்டப்படி, கடைசி அடிப்படைச் சம்பளத்தை 15-ஆல் பெருக்கி, 26-ஆல் வகுத்து, பணியாற்றிய ஆண்டுகளால் பெருக்க வேண்டும். உங்கள் 64,000-க்கும் 14 ஆண்டுக்கும் கணக்குப் போட்டால் ஏறக்குறைய 5,17,000 ரூபாய் வருகிறது. பஞ்சப்படி தனியாக இருந்தால் அதையும் அடிப்படையோடு சேர்க்க வேண்டும். 20 லட்சம் வரை வரி இல்லை. 30 நாளுக்குள் கொடுத்திருக்க வேண்டும். இன்றே பணிவாக ஒரு கடிதம் எழுதி, கொடுத்ததற்குக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். எடுக்காத விடுப்புக்கான பணமும் பாக்கி இருந்தால் அதையும் சேர்த்துக் கேளுங்கள். இழுத்தடித்தால் தொழிலாளர் துறையின் உரிய அதிகாரியிடம் போகலாம், தாமதத்துக்கு வட்டியும் கிடைக்கும். முதலாளி நாளை உங்களைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்ல வேண்டியவர், அவரோடு மனஸ்தாபம் வேண்டாமே என்று தயங்குகிறீர்கள் போலிருக்கிறது. சேர வேண்டியதைக் கடிதத்தில் கேட்டதற்காக மனஸ்தாபப்படுகிறவர் நல்ல வார்த்தை சொல்லவும் மாட்டார்.

நீங்கள் கேட்காத ஒன்று: நிறுவனத்தோடு போன மருத்துவக் காப்பீடு. வேலை கிடைத்ததும் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருப்பீர்கள். 51 வயதில் நாலு மாதம் காப்பீடு இல்லாமல் இருப்பது பேக்கரியில் உட்கார்ந்திருப்பதைவிடப் பெரிய அபாயம். தனிநபர், குடும்பக் காப்பீடுகளுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. இல்லை. ஏற்கெனவே இருக்கும் நோய்களுக்குக் காத்திருப்புக் காலம் அதிகபட்சம் மூன்று ஆண்டு. இருக்கும் நோயை மறைக்காமல் எழுதி, இந்த மாதமே எடுங்கள்.

ஆப்பிரிக்க ஏஜென்ட்டுக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்ப மத்திய அரசிடம் பதிவு பெற்ற ஏஜென்ட் ஒருவர் வாங்கக்கூடிய உச்சக் கட்டணமே 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும்தான். அவருக்குப் பதிவு இருக்கிறதா என்று இ-மைக்ரேட் தளத்தில் பார்த்துவிடலாம். உண்மையிலேயே பொது மேலாளர் தேவைப்படும் தொழிற்சாலை, ஆள் தேடித் தருகிறவருக்குத் தானே பணம் கொடுக்கும். வேலைக்கு வருகிறவரிடம் வாங்காது. ஏற்கெனவே இணையம் வழியாக ஏதாவது முன்பணம் அனுப்பி ஏமாந்திருந்தால், இணையவழிப் பண மோசடிக்கான 1930 எண்ணுக்கு உடனே சொல்லுங்கள்.

நேர்மையான வாய்ப்பாக வேறொன்று வந்தாலும், அந்த நாட்டின் ஆடைத் தொழில் யாருடைய வரிச்சலுகையை நம்பி நிற்கிறது என்று முதலில் கேளுங்கள். எத்தியோப்பியாவின் ஹவாசா தொழிற்பூங்காவை ஒரு காலத்தில் உலகமே பாராட்டியது. 2022 ஜனவரி 1 முதல் அமெரிக்கா அந்த நாட்டுக்கான சலுகையை நிறுத்தியதும் பையர்கள் விலகத் தொடங்கினார்கள். ஒரு வரியால் இங்கே வேலை இழந்த நீங்கள், இன்னொரு வரியை நம்பிக் கடல் தாண்ட வேண்டுமா? அதைவிட உள்நாட்டைப் பாருங்கள். மத்தியப் பிரதேசம், ஒடிசா பக்கம் ஆடைத் தொழிற்சாலைகள் எழும்புகின்றன. மத்திய அரசின் ஏழு மித்ரா ஜவுளிப் பூங்காக்களில் ஒன்று விருதுநகரில் வருகிறது, இன்னொன்று மத்தியப் பிரதேசத்தின் தார் மாவட்டத்தில். அங்கெல்லாம் தொழிலாளர் கிடைப்பார்கள். ஒரு தொழிற்சாலையை ஒழுங்காக ஓட்டிப் பழகிய ஆள் கிடைப்பது கடினம். மகன் பிளஸ் டூ முடிக்கும் வரை நீங்கள் மட்டும் போய்வருவது பற்றி வீட்டில் பேசிப் பாருங்கள். நான் உங்கள் இடத்தில் இருந்தால் விருதுநகரை முதலில் விசாரிப்பேன்.

கடைசியாக அந்த சிம் கார்டு. கடிதத்தில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள், எனக்கு அதுதான் மிகவும் உறுத்தியது. 14 வருடமாக ஊரில் இருக்கும் அத்தனை நூல் ஏஜென்ட், டையிங் மேலாளர், பையிங் ஆபீஸ்காரர்களின் போனிலும் உங்கள் பெயருக்கு நேரே இருப்பது அந்த எண். யாராவது ஒரு முதலாளி, “அவர் இப்போது எங்கே?” என்று கேட்டால் அவர்கள் அழுத்தப்போவது அதைத்தான். எடுத்துப் பேசப்போவது உங்கள் இடத்துக்கு வந்த பையன். எண்ணை உங்கள் பெயருக்கு மாற்றித் தரும்படி முதலாளியை நேரில் பார்த்துக் கேளுங்கள். நிறுவனம் சம்மதக் கடிதம் கொடுத்தால் தொலைபேசிக் கம்பெனியில் மாற்றிக்கொள்ளலாம். கம்பெனி மெயில்கள், கோப்புகள் எல்லாம் ஒப்படைத்துவிட்டேன், எண் மட்டும் வேண்டும் என்று சொன்னால் பெரும்பாலும் மறுக்கமாட்டார். மறுத்துவிட்டால் கார்டைத் திருப்பிக் கொடுப்பதற்கு முந்தின நாளே, அதிலிருந்தே அத்தனை பேருக்கும் புதிய எண்ணை அனுப்பிவிடுங்கள். செவ்வாய், புதன் பார்த்துப் போங்கள். சனிக்கிழமை வேண்டாம், வாரச் சம்பளம் பட்டுவாடா செய்கிற நாளில் முதலாளியின் முகம் எப்படி இருக்கும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல.